சாயம் போன புடவையும் எண்ணெய் ஒழுகிய பெட்டியும்

தம்பி, நீ பொய் சொன்னாய். கூரியர் ஆபீசில் பெட்டியைத் தூக்கி எறிந்ததால்தான் எண்ணெய் ஒழுகியது என்று போன வாரம் நீ போட்ட வீடியோ பொய். உன் செக்குக் கடலை எண்ணெய் திண்டுக்கல்லை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஒழுகிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கவுண்டரில் உனக்குப் பின்னால் நின்ற ஆள் நான். உள்ளே இருக்கும் அக்கா உன் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, அடியில பிசுபிசுன்னு இருக்கே?" என்று கேட்டார். நீ போனிலிருந்து தலையை எடுக்காமல், "அது வேர்வைக்கா. வெயில்ல தூக்கிட்டு வந்தேன்ல, போடுங்க" என்றாய். வரிசை நீளமாக இருந்தது, உன்னை நம்பி அவரும் போட்டுவிட்டார். அட்டைப்பெட்டிக்கு வேர்க்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

விஷயம் இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கூரியர் கவுண்டர் முன்னால் நின்று நீ எடுத்த அந்த வீடியோவில் அக்காவின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அதை யாரோ அவர்களுடைய மேலாபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், திருப்தியாக இல்லையென்றால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஊரில் ஆன்லைனில் விற்கிற பாதிப் பேருக்குப் பார்சல் கட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். உனக்கும் சேர்த்து.

நான் வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். "அண்ணே, நீங்க தெனமும் வந்து எங்கிட்ட வாயடிக்கிற ஆளு. நீங்க சொன்னா, இவரு உனக்கு என்ன ஒறவுன்னு கேப்பாங்க. அது அந்தத் தம்பி வாயில இருந்து வரணும்" என்றார். உனக்கு இரண்டு தடவை போன் செய்தாராம், எடுக்கவில்லை. மெசேஜ் போட்டிருக்கிறார். நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் மட்டும் விழவில்லை.

அதனால்தான் ஆன்லைனில் விற்கிற நம் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு என்னைத் தெரியாது. நான் லைவ் போடுவதை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. இப்போது எங்கள் புடவைப் பக்கத்தை என் மனைவிதான் நடத்துகிறாள். என்னைவிடக் குறைவாகப் பேசுகிறாள், அதனால் என்னைவிட அதிகமாக விற்கிறாள். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். இதில் வருகிற பெரிய முட்டாள்தனம் என்னுடையது, அதனால் உங்களுக்குப் பிடிக்கும்.

திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருஷம் புடவைப் பகுதியில் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான், அங்கே உட்கார ஸ்டூல் கிடையாது. புடவை விற்கிற ஆண், மடிப்பை உதறி முந்தானையைத் தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். பெரிய மீசையோடு மாம்பழ மஞ்சளில் முந்தானை போட்டுக்கொண்டு திரும்பித் திரும்பி நிற்பேன். ரோட்டில் போகிறவனுக்கு அது சிரிப்பு. கடைக்குள் வந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்கள் கண்ணுக்குப் புடவை மட்டும்தான் தெரியும்.

கொரோனாவில் கடையைப் பூட்டினார்கள். மறுபடி திறந்தபோது அது செல்போன் கடையாக இருந்தது. எனக்கு ஐம்பத்தொரு வயது. டவுனில் இருக்கிற எல்லா ஜவுளிக்கடையிலும் ஏறி இறங்கினேன். "உங்க அனுபவத்துக்கு நாங்க குடுக்குற சம்பளம் மரியாதையா இருக்காதுண்ணே" என்று மரியாதையாகத் துரத்தினார்கள். குஜிலியம்பாறை வரை பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். அங்கே கடைக்காரரே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்து பழக்கமில்லாததால் அதையும் சரியாகச் செய்யவில்லை. ஒரு நாள் என் மனைவி சொன்னாள்: "இத்தன வருசமா ஊர்ப் பொம்பளைகளுக்குத் தோள்ல போட்டுக் காமிச்சீங்கள்ல. இப்ப போனுக்குக் காமிங்க."

சின்னாளபட்டியில் எனக்குத் தெரிந்த சாயக்காரர் ஒருவர் இருந்தார். சுங்குடிப் புடவைக்குச் சாயம் போடுகிறவர், என்னைவிட வயதில் சின்னவர். அவர் பத்துப் புடவையை நம்பிக் கொடுத்தார். மத்தியானம் மூன்று மணிக்கு, வீட்டு வேலை முடிந்து பெண்கள் போனைக் கையில் எடுக்கிற நேரத்தில், முதல் லைவ் போட்டேன். பார்த்தவர்கள் மூன்று பேர். ஒன்று, போனைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி, அவளுடைய இன்னொரு போனிலிருந்து. இரண்டு, அவள் தங்கை. மூன்றாவதாக முகம் தெரியாத ஒருவர், "திண்டுக்கல் வாரோம், பிரியாணி எங்கண்ணே நல்லா இருக்கும்?" என்று கேட்டார். நான் முந்தானையைத் தோளில் வைத்தபடியே வழி சொன்னேன். அவர் புடவை வாங்கவில்லை. ஆனால் அடுத்த நாள் அவருடைய அக்கா வாங்கினார். "பிரியாணிக் கடைய உண்மையச் சொன்னீங்களாம், அப்ப புடவையும் உண்மையாத்தான் இருக்கும்னு தம்பி சொன்னான்" என்றார். என் முதல் விளம்பரம் அதுதான். காசு கட்டி நான் போட்ட எந்த விளம்பரமும் அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை.

அந்த முதல் பார்சலோடு கூரியர் அக்காவிடம் போனேன். மெல்லிய கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்திருந்தேன். அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "அண்ணே, இத நம்ம ஊர் மழையில ஒரு மணி நேரம் வெளிய வச்சு எடுத்துட்டு வாங்க. நல்லா இருந்தா அனுப்புறேன்." எனக்குக் கோபம் வந்தது. பார்சலை வாங்கி அனுப்புவது அவர் வேலை, அதை ஆராய்வது இல்லை என்றேன். "அனுப்புறது என் வேலைதான். நாலு நாள் கழிச்சு நீங்க வந்து கத்துறதக் கேக்குறதும் என் வேலைதானே? அதக் கொறச்சுக்குறேன்" என்றார். பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதற்கு மேல் கவர் போட்டு, நான்கு பக்கமும் டேப் ஒட்ட அவரே காட்டிக்கொடுத்தார்.

இரண்டு வருஷத்தில் பக்கம் வளர்ந்தது. மூன்று மணி ஆனால் அறுபது எழுபது பேர் காத்திருப்பார்கள். ஜவுளிக்கடைச் சம்பளத்தைத் தாண்டினேன். தலையும் அதே அளவுக்குப் பெருத்துவிட்டது. அப்போதுதான் பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர் கூப்பிட்டார். ஆண்டு விழாவுக்கு எல்லா டீச்சருக்கும் ஒரே மாதிரி சுங்குடி வேண்டும். அரக்கு நிறத்தில் உடல், சந்தன நிறத்தில் பார்டர், மொத்தம் முப்பத்து நான்கு புடவை. "பத்து நாள்ல முடியுங்களா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் முடியும் என்றேன்.

சாயக்காரர் யோசித்தார். "பன்னெண்டு நாள் குடுங்கண்ணே. அரக்குச் சாயம் சும்மா விடாது. தண்ணி தெளியிற வரைக்கும் அலசணும், காய விடணும், திரும்ப அலசணும். ரெண்டு நாள் கூட வேணும்" என்றார். "ஒரு அலசல் போதும்ப்பா. அவங்க வீட்டுல மொதத் தடவ உப்புத் தண்ணியில போடத்தான போறாங்க" என்றேன். அவர் மறுபடி கேட்டார். நான் மறுபடி வேண்டாம் என்றேன். பத்தாவது நாள் புடவைகள் போய்ச் சேர்ந்தன. ஆண்டு விழாப் படங்களை டீச்சர் அனுப்பினார். அதை எல்லா இடத்திலும் போட்டுப் பெருமையடித்தேன்.

விழா முடிந்து புடவைகள் துவைக்கப் போயின. ஒரு வாரத்தில் என் பக்கத்தில் முதல் படம் வந்தது. சந்தன பார்டர் முழுக்கப் பன்னீர் ரோஜா நிறம். அன்று மாலைக்குள் எட்டுப் படங்கள். ஒருவர், புடவையோடு சேர்த்து ஊறப்போட்ட கணவருடைய வெள்ளைச் சட்டையையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்தக் கணவருக்கு வந்திருக்காது.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு ரகசியத்தைச் சொல்கிறேன். சாயம் போய்விட்டது என்று யாராவது கடைக்கு வந்தால் நாங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்போம்: "தனியா, கல் உப்புத் தண்ணியில அலசுனீங்களாம்மா?" பத்துப் பேரில் எட்டுப் பேர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் போதும், தவறு அவர்கள் தலைக்குப் போய்விடும். அவர்களே "நான்தான் பாக்காம போட்டுட்டேன் போல" என்று சொல்லிக்கொண்டு படி இறங்குவார்கள். நல்ல சாயமா, கெட்ட சாயமா என்று நாங்கள் பார்த்ததே இல்லை. இருபத்திரண்டு வருஷம் அந்தக் கேள்வியை வைத்துப் பிழைத்தேன். கடையில் அது செல்லும், ஏனென்றால் அங்கே ஆட்கள் ஒவ்வொருவராகத்தான் வருவார்கள். போனில் எல்லோரும் சேர்ந்து வந்து நிற்பார்கள், ஒருவர் சொல்வதை மற்றவர் படிப்பார். இந்த வித்தியாசம் எனக்கு அன்று வரை உறைக்கவில்லை.

"நாளைக்கு லைவில் துவைத்தே காட்டுகிறேன்" என்று அறிவித்தேன். அதே ஈட்டில், அதாவது அதே தடவை ஒன்றாகச் சாயம் போட்ட ஒரு புடவை என்னிடம் மிச்சம் இருந்தது. ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப், ஒரு கை கல் உப்பு, ஒரு வாளித் தண்ணீர். என் மனைவி போனைப் பிடித்தாள். சண்டை என்று தெரிந்தால் நம் ஊரில் கூட்டத்துக்குக் குறைவே இருக்காது. அன்றைக்கு நானூறு பேர்.

நான் வாத்தியார் மாதிரி ஆரம்பித்தேன். "மெஷின்ல போட்டா எந்தப் புடவை தாங்கும்? இதுதான் முறை, பாத்துக்கங்க." உப்பைக் கரைத்தேன், புடவையை முக்கினேன். "செத்த நேரம் ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு, படித்த டீச்சர்களுக்குத் துவைக்கத் தெரியவில்லை என்று ஒரு ஜோக் வேறு அடித்தேன். பிறகு தூக்கினேன். டப்பில் இருந்தது தண்ணீர் இல்லை, பீட்ரூட் சாறு. பார்டர் என் கண் முன்னாலேயே சிவந்துகொண்டு வந்தது.

கமெண்டுகள் ஓடின. அந்த டீச்சர் எழுதினார்: "ஏனுங்க, நாங்க படிச்சவங்கதானுங்க. உங்களுக்கும் துவைக்கத் தெரியலீங்களா?"

என் விரல் லைவை நிறுத்தப் போனது. நிறுத்தவில்லை, அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். கேமராவைப் பார்த்து, "சாயக்காரர் என்னய ஏமாத்திட்டாரு. நல்ல சாயம்னு சொல்லித்தான் குடுத்தாரு. நானும் உங்க மாதிரி ஏமாந்தவன்தான்" என்றேன். உடனே காற்று திரும்பியது. "பாவம் அண்ணன்", "நீங்க என்ன செய்வீங்க", "அந்த ஆள் பேரச் சொல்லுங்க" என்று வந்தன. எனக்கு உடம்பு லேசானது. நான் பேர் சொல்லவில்லைதான். ஆனால் ஒரே சாயக்காரரிடம்தான் வாங்குகிறேன் என்று எத்தனையோ லைவில் நானே சொல்லியிருக்கிறேன், அவருடைய பட்டறையையும் காட்டியிருக்கிறேன்.

இருபது நிமிஷம் அந்தப் பாவத்தில் குளிர்காய்ந்தேன். அதற்குள் அவரிடம் வாங்குகிற இரண்டு கடைகள் அவரைக் கூப்பிட்டு, அந்த வார ஆர்டரை வேண்டாம் என்று சொல்லியிருக்கின்றன. அது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் வந்த ஒரு கமெண்ட்தான். என் மனைவி அதைப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். வேகமாக ஓடிக்கொண்டிருந்த கமெண்டுகளுக்கு நடுவில் அதை அழித்துவிட்டால் பெரிதாக யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எப்படி அழிப்பது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். "அதத் தூக்கிரு" என்று கண்ணைக் காட்டினேன்.

அவள் போனை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து, சத்தமாக வாசித்தாள். "அண்ணே, ரெண்டு நாள் கூடக் குடுங்கன்னு ரெண்டு தடவ கேட்டேன். ஒரு அலசல் போதும்னு நீங்கதான சொன்னீங்க?"

நான் அவளை முறைத்தேன். அவள் கேமராவை என் முகத்திலிருந்து நகர்த்தவில்லை. "கேக்குறாருல்ல. பதில் சொல்லுங்க" என்றாள்.

நானூறு பேர் பார்க்கிறார்கள், கை முழங்கை வரை சிவப்பு, தோளில் ஈரப் புடவை. வாயைத் திறந்தால் இரண்டு வருஷம் கட்டியது போகும், திறக்காவிட்டால் அந்த மனிதரின் பிழைப்பு போகும். நான் பெரிய உத்தமன் போல உடனே பேசிவிட்டதாக நினைக்காதீர்கள். தோளில் கிடந்த புடவையை எடுத்து மறுபடி டப்பில் முக்கினேன், பிழிந்தேன், இன்னொரு தடவை முக்கினேன். கடைசியில், "ஆமா. அவரு கேட்டாரு. நாந்தான் வேணாம்னேன். அவசரம் என்னோடது. இப்ப அவரச் சொன்னது பொய்" என்றேன். டீச்சர்களிடமும் மன்னிப்புக் கேட்டேன். முப்பத்து நான்குக்கும் புதுப் புடவை வரும், பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றேன். அதோடு லைவை முடித்தேன்.

நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஒரு மாதம் மூன்று மணிக்குப் பதினைந்து பேர்தான் வந்தார்கள். புதுப் புடவைகள் போய்ச் சேர்ந்தபோது டீச்சர், "வந்துருச்சுங்க" என்று ஒரு வார்த்தை அனுப்பினார். அந்தப் பள்ளிக்கூடம் அதற்குப் பிறகு என்னிடம் வாங்கவே இல்லை. நேர்மையாக இருந்தால் எல்லாம் திரும்பி வரும் என்று சொல்கிற, ஆன்லைன் வியாபாரம் கற்றுத்தருகிற கோர்ஸ்காரர்களை நம்பாதீர்கள். எல்லாம் திரும்பி வராது. நான் எட்டு மாதம் கழித்துத்தான் பழைய இடத்துக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் சின்னாளபட்டிக்குப் போனேன். சாயக்காரர் அலசிக்கொண்டிருந்தார், வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நான் நின்றேன். நிற்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். கையிலிருந்த புடவையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, "அந்த வீடியோவ எடுத்துறப் போறீங்களா?" என்று கேட்டார். எடுத்துவிடலாம் என்றுதான் வந்தேன், அதில் நான் அவரைத் திட்டியதும் இருக்கிறதே என்றேன். "எடுக்காதீங்க. திட்டுனது இருக்குன்னா, ஒத்துக்கிட்டதும் அதுலதான இருக்கு. எனக்கு அத வச்சுத்தான் ஆளுகளக் கூப்பிடணும்" என்றார். அந்த இரண்டு கடைக்காரர்களுக்கும் நானே வீடியோவை அனுப்பிப் பேசினேன். ஒருவர் திரும்ப வந்தார். மற்றவர் கடைசி வரை வரவில்லை. அது என் கணக்கில்தான் நிற்கிறது. சாயக்காரர் இன்றைக்கும் எங்களுக்குச் சாயம் போடுகிறார். ஆனால் ஒவ்வொரு ஈடு முடியும்போதும், "வந்து தண்ணியப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவார். போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கு முகத்தில் அடிக்க வட்ட விளக்கு இருக்கிறது. பின்னணியில் பாட்டு இருக்கிறது. "கடைசி ரெண்டு பீஸ்தான் சிஸ்டர்" என்று சொல்லும்போது பின்னால் அலமாரி நிறைய அதே பீஸ் தெரிகிற அளவுக்குத் துணிச்சலும் இருக்கிறது. அதையெல்லாம் நான் மன்னிப்பேன், நானும் ஜவுளிக்கடைக்காரன். பொருள் கெட்டுப்போகும், அதுவும் சகஜம். கெட்டுப்போன நேரத்தில் பக்கத்தில் எந்த ஆள் நிற்கிறார், அவர் மேல் தள்ளலாமா என்று கண் தேடும் பாருங்கள், அந்த ஒரு நொடியில்தான் புத்தி வேண்டும். அந்த ஆள் எப்போதும் நம்மைவிடச் சின்ன சம்பளக்காரராக இருப்பார். அவருக்குப் பக்கம் இருக்காது, பின்தொடர்கிறவர்கள் இருக்க மாட்டார்கள். என் சாயக்காரரிடமாவது ஒரு போனும் கமெண்ட் போட நேரமும் இருந்தன. கூரியர் அக்கா உன் வீடியோவுக்குக் கீழே பதில் போட முடியாது தம்பி. பணியில் இருப்பவர்கள் வெளியே எதுவும் எழுதக் கூடாது என்று அவர்கள் ஆபீசில் விதி.

நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவின் வேலை போன பிறகு நீ ஒற்றை ஆளாக எண்ணெயை எடுத்து வந்து பாட்டிலில் அடைத்து விற்று வீட்டை நிமிர்த்தினாய். எண்ணெயும் நல்ல எண்ணெய், என் வீட்டில் வெஞ்சனம், அதுதான் பொரியல் கூட்டு, எல்லாம் அதில்தான் தாளிக்கிறோம். வாங்கியவர் ஒழுகிய பெட்டியின் படத்தைப் போட, பன்னிரண்டு பேர் சேர்ந்து திட்டியதும் பயந்துவிட்டாய். நானும் அப்படித்தான் பயந்தேன். நான் இருபது நிமிஷம் பொய்யில் இருந்தேன், நீ ஒரு வாரமாக இருக்கிறாய். அவ்வளவுதான் நமக்குள் வித்தியாசம்.

இதற்கு மேல் எனக்குத் தனியாக மெசேஜ் போடாதே. "அண்ணே, நேர்ல வந்து பேசுறேன்" என்று வீட்டுக்கும் வராதே, காபி கிடைக்காது. நம் குழுவில் இருக்கிறவர்களும் நடுவில் புகுந்து, சின்னப் பையன், விடுங்கள் என்று சமாதானம் பேச வேண்டாம். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நாளை மூன்று மணிக்கு உன் பக்கத்தில் லைவ் போடு, கமெண்டைத் திறந்து வை, நான் முதல் ஆளாக வந்து உட்காருகிறேன். கவுண்டரில் அந்த அக்கா உன்னிடம் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய்? எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்.